பேசாமல் இருந்திருக்கலாம்

சட்டையின் முதுகைக் கழுத்துப்பட்டியிலிருந்து கீழ்விளிம்புவரை கத்தரித்துவிட்டால் கைகளை முன்பக்கமாகவே நுழைத்துவிடலாம் என்று காவல்காரி சொன்னாள். மகளுக்குக் கத்தரிக்க மனம் வரவில்லை. அப்பா நகராட்சித் தலைவராக இருந்த காலத்தில் தைத்த வெள்ளைச் சட்டை. பதவி போனபிறகு அதை அவர் போட்டதே இல்லை.

"வெட்டுங்க அக்கா. முதுகு யாருக்குத் தெரியப்போகுது?"

"அவருக்குத் தெரிஞ்சா திட்டுவாரு."

"திட்டாம இருந்த நாள் ஏது? நேத்து ராத்திரிகூட நான் கிளம்புறப்ப திட்டினாரு. பால்ல சர்க்கரை பத்தலையாம்."

மகளுக்குச் சிரிப்பு வந்தது. கத்தரிக்கோலை வாங்கி வெட்டினாள். துணி கிழிபடும் சத்தம் அறையில் பெரிதாகக் கேட்டது. இரவில் உயிர் போன அப்பாவின் வலது கை முழங்கையில் மடங்கி விறைத்திருந்தது. காவல்காரி துண்டை வெந்நீரில் பிழிந்து முழங்கையில் சுற்றி, குழந்தைக்குத் தைலம் தேய்ப்பதுபோல் மெல்லத் தேய்த்தாள். சிறிது நேரத்தில் கை அவளுக்கு மட்டும் இணங்கியதுபோல நீண்டது.

காவல்காரி என்பது, தன்னைப் பார்த்துக்கொள்ள வந்தவளுக்கு அப்பா வைத்த பெயர். சிகரெட்டை ஒளித்து வைப்பாள், மாத்திரை தொண்டைக்குள் இறங்கும்வரை எதிரிலேயே நிற்பாள் என்பதால் அப்படி. "என்னை ஜெயில்ல போட்டு சாவியை இவகிட்ட குடுத்துட்டீங்க" என்று வருகிறவர்களிடம் சொல்வார். வருகிறவர்கள் குறைந்த பிறகு மகளிடமே சொன்னார்.

அவள் குவாரிப் பெண். ஊருக்கு வெளியே கல்குவாரியைச் சுற்றிக் குடியிருக்கும் அந்த ஜனங்கள் வேறு மொழி பேசுகிறவர்கள், வேறு விதமாகக் கும்பிடுகிறவர்கள். அவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. குழியில் கடைசிப் பிடி மண் விழும்வரை யாரும் வாய் திறப்பதில்லை. அழுவதும் இல்லை. கிளம்பிவிட்டவரைப் பின்னாலிருந்து கூப்பிட்டதாகிவிடும், அவர் திரும்பிப் பார்த்துக்கொண்டே நின்றுவிடுவார் என்பார்கள். மண் மூடிய பிறகு அழுவார்கள். நாள்கணக்கில் அழுவார்கள்.

குவாரிச் சுவர் சரிந்து ஆட்கள் செத்தபோது அப்பா அடக்கத்துக்குப் போனார். மைக்கோடு போனார். மைக் இல்லாமல் அவர் கல்யாண வீட்டுக்குக்கூடப் போனதில்லை. குழிகளைச் சுற்றிப் பெண்கள் வறண்ட கண்களோடு நிற்பதைப் பார்த்ததும் அதிர்ச்சியில் இறுகிவிட்டார்கள் என்று நினைத்தார். "அழுங்கம்மா" என்றார். "அடக்கி வைக்காதீங்க. வாய்விட்டு அழுங்க." சொல்லிவிட்டு அவரே அழுதார். குவாரியின் மூன்று பக்கச் சுவர்களும் அந்த அழுகையைத் திருப்பிச் சொல்லின. கையில் மண்ணோடு நின்ற ஒரு கிழவி அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பினாள். பிறகு எல்லோரும் திரும்பினார்கள். உணர்ச்சிவசப்பட்டு முகத்தை மறைக்கிறார்கள் என்று நினைத்து அவர் இன்னும் பேசினார்.

யாரோ கைப்பேசியில் எடுத்த அந்தப் படம் ஊரெங்கும் ஓடியது. எதிர்க்கட்சி சுவரொட்டி ஒட்டியது. சொந்தக் கட்சி பதவியைப் பிடுங்கியது. மன்னிப்புக் கேட்கப் போனபோதும் பத்துப் பதினைந்து பேரோடும் படம் எடுக்கிறவனோடும் போனார். அவருக்கு வேறு விதமாகப் போகத் தெரியாது. ஒரு கதவும் திறக்கவில்லை. அதன்பிறகு ஊர் வாயில் அப்பாவின் வீடு "அழுங்க வீடு" ஆயிற்று. மகள் வேலைபார்க்கும் மருந்துக்கடையில், அவள் மருந்தெடுக்க அலமாரிப் பக்கம் திரும்பியதும் யாராவது யாரிடமாவது மெதுவாகச் சொல்வார்கள்: "அழுங்க பொண்ணு." கேட்காததுபோல மாத்திரை அட்டையை வெட்டிக் கொடுப்பாள்.

அந்தக் குழிகளில் ஒன்று காவல்காரியின் அண்ணனுடையது. வேலைக்கு வந்து வெகுகாலம் கழித்து, அப்பாவின் கால்நகம் வெட்டிக்கொண்டிருந்தபோது வானிலையைச் சொல்வதுபோல அதைச் சொன்னாள். அப்பா காலை இழுத்துக்கொள்ளவில்லை. அன்று முழுவதும் அவர் எதுவும் பேசவில்லை, மறுநாளும் திட்டவில்லை. அதற்கடுத்த நாள் பாலில் சர்க்கரை பத்தவில்லை என்றார். அவள் இன்னும் அரைக் கரண்டி போட்டாள்.

"பின்ன ஏன் இங்க வந்தே?" என்று மகள் சமையலறையில் கேட்டாள்.

"வேலைதானே அக்கா. யார் முதுகா இருந்தா என்ன, படுத்தே கிடந்தா புண்ணு வரும்."

காவல்காரி தன் வீட்டில் ஆஸ்பத்திரிச் சலவை வேலை என்று சொல்லியிருந்தாள். இங்கே வருவது தெரிந்தால் குவாரியில் யாரும் அடிக்க மாட்டார்கள், ஏச மாட்டார்கள். எதற்கும் கூப்பிட மாட்டார்கள், கூப்பிட்டாலும் வர மாட்டார்கள். அவ்வளவுதான். "எங்கம்மா படுக்கையில இருக்கு அக்கா. நாளைக்கு அதைத் தூக்க நாலு தோள் வேணும்" என்று ஒருமுறை சொல்லியிருந்தாள்.

சட்டைப் பொத்தான்களைப் போட்டு முடித்ததும் காவல்காரி கை கழுவிக்கொண்டு பையை எடுத்தாள்.

"ஆளுங்க வர்றதுக்குள்ள நான் கிளம்புறேன்."

"தூக்குற வரைக்கும் இரு. உள்ரூம்ல இரு. அங்க யாரும் வரமாட்டாங்க."

"வேணாம் அக்கா."

"எனக்கு வேற யாரு இருக்கா? நான் யார்கிட்டயும் மூச்சு விடமாட்டேன். சத்தியமா."

காவல்காரி அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு பையைக் கீழே வைத்துவிட்டு, அழுக்குத் துணிகளை அள்ளிக்கொண்டு உள்ளறைக்குப் போனாள்.

அப்பாவைக் கூடத்தில் கொண்டுவந்து கிடத்தினார்கள். அங்கே சித்தப்பா இருந்தார். விடிந்ததும் தகவல் கேட்டு வெளியூரிலிருந்து வந்தவர். வாசலிலும் கூடத்திலும் அவர் வாடகைக்கு எடுத்த நாற்காலிகள் வரிசையாகக் கிடந்தன. எதிர்வீட்டுக்காரரும் அப்பாவின் பழைய டிரைவரும் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருந்தார்கள்.

"பாத்தியாம்மா?" என்றார் சித்தப்பா. "நாற்காலிங்களே ஒண்ணுக்கொண்ணு துக்கம் விசாரிச்சுக்குதுங்க. ஒரு காலத்துல இந்த மனுஷன் தும்மினா நூறு பேரு ஆயுசு நூறும்பான்."

"வருவாங்க சித்தப்பா."

"யாரு? கட்சிக்காரனா? அவன் வந்தா கொடியோட வரணும். அண்ணனுக்கு அது ஒண்ணுதான் ஆசை. எங்கிட்ட எத்தனை தடவை சொல்லியிருக்காரு."

மகளிடமும் சொல்லியிருக்கிறார். என் மேல கொடியைப் போடுவாங்களாம்மா? மாத்திரை கொடுக்கும்போது கேட்பார், தூக்கத்திலிருந்து விழித்துக் கேட்பார். போடுவாங்கப்பா என்று சொல்லிச் சொல்லி அவளுக்கு அது ஒரு வேலையாகிவிட்டிருந்தது.

பத்து மணிக்குமேல் நகரச் செயலாளர் வந்தார். அப்பாவிடம் எடுபிடியாக இருந்து வளர்ந்தவர். கூட இரண்டு பேர், பெரிய மலர்வளையம். கொடி இல்லை. உள்ளே வந்ததும் கைப்பேசியை எல்லோரும் பார்க்கும்படி எடுத்து ஒலியை நிறுத்தினார். அப்பாவின் காலடியில் வளையத்தை வைத்துவிட்டுக் கண்ணை மூடி நின்றார். பிறகு மகளுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"என்னை ஆளாக்கினவரு மேடம். அந்த ஒரு நாள் மட்டும் இல்லேன்னா இன்னிக்கு எங்கயோ இருந்திருப்பாரு."

மகள் வளையத்திலிருந்து உதிர்ந்த இதழ்களைப் பொறுக்கினாள்.

"இப்பல்லாம் நாங்க ரொம்ப உஷார். எந்த ஜனத்துகிட்ட எதைப் பேசலாம், எதைப் பேசக்கூடாதுன்னு கட்சியில வகுப்பே நடத்துறாங்க. அவரைத்தான் உதாரணமா சொல்லுவாங்க."

"எங்கப்பாவையா?"

"பேரு சொல்லமாட்டாங்க மேடம். ஒரு தலைவர்னுதான்."

சித்தப்பா தொண்டையைச் செருமினார். "தம்பி, கொடி?"

செயலாளர் குரலைத் தாழ்த்தினார். "மேலிடத்துல யோசிக்கிறாங்க ஐயா. அடுத்த மாசம் தேர்தல். குவாரி வார்டு இந்த தடவை இழுபறி. அவரு மேல கொடி போட்ட படம் வெளிய வந்தா அந்த ஜனம் புண்படும்னு… நம்ம பக்கத்துலயும் ஒரு நாகரிகம் வேணுமில்லையா?"

"செத்தவன் மேல ஒரு துணி போடுறதுல என்னய்யா நாகரிகம்?"

"அவங்கள்ல ஒருத்தராவது வந்து நின்னா கதையே வேற. மன்னிச்சுட்டாங்கன்னு தைரியமாச் சொல்லலாம். ஆனா யாரு வருவா?" அவர் காலி நாற்காலிகளை ஒரு சுற்றுப் பார்த்தார். இரக்கத்தோடுதான் பார்த்தார். "நம்ம ஜனமே வரல."

அந்த இரக்கத்தை மகளால் தாங்க முடியவில்லை. மருந்துக்கடையில் முதுகுக்குப் பின்னால் கேட்ட குரல்கள் எல்லாம் அந்தப் பார்வையில் இருந்தன.

"வந்திருக்காங்க" என்றாள்.

"யாரு?"

"குவாரிப் பொண்ணுதான் மூணு வருஷமா எங்கப்பாவைக் குளிப்பாட்டி விட்டுச்சு. கூடப் பிறந்த அண்ணனை அந்தக் குழியில போட்ட பொண்ணு. எங்கப்பாவைப் பத்தி உங்க வகுப்புல அதையும் சொல்லுங்க."

உள்ளறையில் அதுவரை வாளியில் துணி பிழியும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அது நின்றது.

செயலாளர் எழுந்துவிட்டார். அவர் முகத்தில் நிஜமான கண்ணீர் இருந்தது. "எங்க அவங்க?"

"வேணாம். நான் சும்மா… அவங்க வீட்டுக்குத் தெரியாது. தெரியக்கூடாது."

"மேடம், இது எவ்வளவு பெரிய விஷயம்! ரெண்டு ஜனமும் சேர்ற விஷயம் இது." அவர் ஏற்கெனவே உள்ளறை வாசலில் நின்றார். கூட வந்தவர்களில் ஒருவன் கைப்பேசியை உயர்த்திப் பிடித்தான். காவல்காரி ஈரக் கைகளோடு சுவரோரம் நின்றிருந்தாள். செயலாளர் குனிந்து அவளைக் கும்பிட்டார்.

"வாங்கம்மா. நீங்க ஒண்ணும் பேசவேண்டாம். உங்க வழக்கம் எங்களுக்குத் தெரியும். அவரு பக்கத்துல சும்மா நில்லுங்க போதும்."

"எடுக்காதீங்க" என்றாள் மகள். "நிறுத்துங்கன்னா!" அவளுடைய குரலும் அந்தப் படத்தில் பதிவாகியிருக்கும்.

"நேரலை மேடம்" என்றான் பிடித்துக்கொண்டிருந்தவன், மன்னிப்புக் கேட்பதுபோல. "போயிட்டிருக்கு."

காவல்காரி கூடத்துக்கு வந்து அப்பாவின் பக்கத்தில் நின்றாள். முகத்தை மறைக்கவில்லை, திரும்பவும் இல்லை. செயலாளர் கைப்பேசியைப் பார்த்து, ஒரு சகோதரியின் மன்னிப்பைப் பற்றியும், காயங்கள் ஆறுவதைப் பற்றியும், அந்த ஜனங்களின் மேன்மையான மௌனத்தைப் பற்றியும் நீளமாகப் பேசினார். ஒரு தவறான வார்த்தைகூட இல்லை. பேசும்போதே இன்னொருவனிடம் விரலால் சைகை காட்டினார். அவன் வெளியே ஓடிப் போய் வந்தான். கொடி காரிலேயே இருந்திருக்கிறது. இரண்டு பேர் விரித்துப் பிடித்து அப்பாவின் மேல் போர்த்தினார்கள். சித்தப்பா வாயில் துண்டை வைத்துக்கொண்டு அழுதார். "போட்டுட்டாங்கண்ணே" என்றார்.

எல்லாம் முடிந்து காவல்காரி உள்ளறைக்குப் போனதும் மகள் பின்னாலேயே ஓடினாள். காவல்காரி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இடுப்பில் செருகியிருந்த அவளுடைய கைப்பேசி அடித்தது, நின்றது, மறுபடி அடித்தது. அவள் அதை எடுக்கவில்லை.

"நான் வேணும்னு சொல்லல" என்றாள் மகள். "அவன் அப்படிப் பாத்தான். தாங்க முடியல."

"தெரியும் அக்கா."

"உங்க வீட்டுக்கு நான் வரேன். உங்கம்மாகிட்ட நானே சொல்றேன். கூட யாரையும் கூட்டிட்டு வரமாட்டேன்."

காவல்காரி அவளை முதல்தடவை பார்ப்பதுபோலப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் மகளுக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது கிடைத்திருக்கும்.

"வராதீங்க" என்றாள். "அலசின துணி வாளியில இருக்கு. காயப்போடணும்."

பையை எடுத்துக்கொண்டு கூடத்தின் வழியாகவே நடந்தாள். செயலாளர் எழுந்து வழிவிட்டார். இப்போது நாற்காலிகள் நிறையத் தொடங்கியிருந்தன. நேரலையைப் பார்த்துவிட்டுத் தெருக்காரர்கள் வந்துகொண்டிருந்தார்கள்.

மதியம் அப்பாவை வண்டியில் ஏற்றினார்கள். மகள் முன்னால் ஓட்டுநருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பின்னால் கட்சி வண்டிகள் வந்தன, ஒலிபெருக்கி அப்பாவின் பெயரைத் திரும்பத் திரும்பச் சொன்னது. கடைவீதி முனையில் நெரிசலில் எல்லாம் நின்றது.

எதிர்ப்பக்க நிறுத்தத்தில் குவாரிக்குப் போகும் பஸ் நின்றுகொண்டிருந்தது. அரைநாள் வீட்டுவேலை முடித்த பெண்கள் தூக்குவாளிகளோடு ஏறிக்கொண்டிருந்தார்கள். வீட்டிலிருந்து போய் இத்தனை நேரமாகியும் காவல்காரி அங்கேதான் இருந்தாள், வரிசையின் கடைசியில். அவளுக்கு முன்னால் நின்ற பெண் பார்த்துக்கொண்டிருந்த கைப்பேசியை இடுப்பில் செருகிவிட்டு, தூக்குவாளியை அடுத்த கைக்கு மாற்றிக்கொண்டு ஏறினாள். ஜன்னல்களில் வரிசையாகத் தலைகள் தெரிந்தன. ஒன்றும் வெளியே பார்க்கவில்லை.

நடத்துநர் படியில் நின்று எட்டிப் பார்த்தான். ஏதோ கேட்டான். பஸ்ஸின் பக்கவாட்டில் இரண்டு முறை தட்டினான். ஏறாதே என்று யாரும் அவளிடம் சொன்னதாகத் தெரியவில்லை. உள்ளே காலி இருக்கைகள்கூட இருந்தன. கதவு திறந்தே இருந்தது. அவள் ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி தரையிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

நெரிசல் விலகியது. ஓட்டுநர் கியரை மாற்றினான்.