குளியலறையில் தங்கிவிட்ட குரல்

ஒரு திங்கட்கிழமை காலை சர்க்கரை குளித்துவிட்டு, தலையைத் துவட்டிக்கொண்டே வெளியே வந்தான். அவனுடைய குரல் மட்டும் குளியலறையிலேயே தங்கிவிட்டது. மூடிய கதவுக்குப் பின்னால் அது ஏதோ பாட்டை முணுமுணுப்பதைக் கேட்டு, கணவன் இன்னும் உள்ளேதான் இருக்கிறான் என்று மனைவி நினைத்தாள். திரும்பிப் பார்த்தால் இடுப்புத் துண்டோடு பக்கத்தில் நிற்கிறான். "ஏங்க, நீங்க இங்க நிக்கிறீங்க, அப்ப உள்ள யாரு?" என்று கேட்டாள். அவன் வாயைத் திறந்தான், காற்றுதான் வந்தது. தெருமுனை டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்து, "தொண்டையெல்லாம் நல்லாத்தான் இருக்கு, குரல்தான் இல்ல" என்றார். மூக்கடைப்பைச் சொல்வது போலச் சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்.

சர்க்கரை என்பது அலுவலகத்தில் வைத்த பெயர். பழுதான குளிர்சாதனப் பெட்டிக்கும் சலவை எந்திரத்துக்கும் தொலைபேசியில் திட்டு வாங்குகிற வேலை அவனுக்கு. அங்கே ஒவ்வொரு மேசையிலும் முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்று உண்டு. அதைப் பார்த்துச் சிரித்தபடிதான் பேச வேண்டும். சிரித்தால் சிரிப்பு குரலில் கேட்குமாம். கேட்கிறதா என்று ஒட்டுக்கேட்டு மதிப்பெண் போடத் தனியாக ஒரு பிரிவே இருந்தது. மறுமுனையில் அம்மா அக்காவை இழுத்துப் பேசினாலும் இவன் குரலில் சர்க்கரை குறையாது. அது அலுவலகத்தோடு நின்றிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால் மனைவிக்கு வயிற்றிலேயே ஐந்து மாதக் குழந்தை போயிற்று. ஆஸ்பத்திரிக் கட்டிலோரம் உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்கள் சிரமம் எங்களுக்குப் புரிகிறது. பொறுமைக்கு நன்றி" என்றான். வேண்டுமென்று சொல்லவில்லை, வாய்ப் பழக்கம். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் பால், கேஸ், கரண்ட் பில் தவிர வேறு பேச்சில்லை.

குரல் போனதும் வேலையும் போகும் என்று எல்லோரும் நினைத்தார்கள். வேலைக்குக் குரல் தேவைப்பட்டால்தானே! இத்தனை வருடமும் அவன் பேசியதெல்லாம் பதிவாகி இருந்தது. அதை வெட்டி ஒட்டி ஒரு பெட்டியில் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். அவன் பொத்தானை அமுக்கினால் போதும். மேலாளருக்கு வாயெல்லாம் பல். "முன்ன நடுவுல நடுவுல இருமுவீங்க, இப்ப அதுவும் இல்ல" என்று பாராட்டிப் பதவி உயர்வும் கொடுத்தார். ஊழியர் மனநலத்தில் நிர்வாகத்துக்கு அக்கறை இல்லை என்று சொல்லிவிட முடியாது. மெத்தைகள் போட்ட ஓர் அறையில் அரை மணி நேர அக்கறை இருந்தது. அங்கிருந்த ஆலோசகர் அம்மா கலர் பென்சில்களை நீட்டி, "மனசுல இருக்கிறத அப்படியே வரைஞ்சிடுங்க" என்றார். மூடிய கதவு ஒன்றை வரைந்தான். "சூப்பர், நல்ல முன்னேற்றம்!" என்று அதை வாங்கி அறிவிப்புப் பலகையில் குத்திவைத்தார். அரை மணி நேரம் முடிந்திருந்தது.

வீட்டில் குரல் சும்மா இருக்கவில்லை. சொந்தமாகப் பாட்டுக் கட்டத் தொடங்கியது. சலவை எந்திரம் நின்றுபோனதைப் புகார் சொல்லக் கூப்பிட்டு, இடையில் மகன் பேசாமல் போனதைச் சொல்லி அழுத கிழவரைப் பற்றி ஒரு பாட்டு. திருப்பித் திட்ட நினைத்துத் திட்டாமல் விட்ட வசவுகளை எல்லாம் கோத்து இன்னொரு பாட்டு. மேல்மாடிக்காரர் டி.வி.யை அணைத்துவிட்டுத் தண்ணீர்க் குழாயில் காதை வைத்துக் கேட்டார். மனைவி மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை முடிந்து வந்ததும் பிளாஸ்டிக் ஸ்டூலைக் குளியலறை வாசலில் போட்டு உட்காரத் தொடங்கினாள். ஒருநாள் அது தாலாட்டு ஒன்றைப் பாடியது. பாட்டுக்குள் ஒரு பெயரைச் சொல்லிக் குழந்தையைக் கூப்பிட்டது.

"பேரு வச்சிருந்தீங்களா? எங்கிட்ட சொல்லவே இல்லையே" என்றாள்.

"சொல்லத்தாம்மா வாயத் திறந்தேன். அவன் வேற எதையோ சொல்லிட்டான்" என்றது குரல்.

அவள் கதவில் தலையைச் சாய்த்துத் தேம்பித் தேம்பி அழுதாள். இரண்டு வருடத்து அழுகை. மறுநாளிலிருந்து அவளும் குரலும் பேசிக்கொண்டார்கள், சில நாள் சிரிக்கவும் செய்தார்கள். சமையலறையில் நின்று அதைக் கேட்ட சர்க்கரைக்கு வயிறு எரிந்தது. தன் குரலைப் பார்த்தே பொறாமைப்படுகிறவனை உலகம் அதுவரை கண்டிருக்காது. அவனைக் குறை சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. குழந்தை போன அன்று ஆஸ்பத்திரிக் கழிப்பறையில் குழாயைத் திறந்துவிட்டு, சத்தம் வெளியே கேட்காமல் அழுதவன் அவன். இப்போது குரல் திரும்ப வேண்டும் என்று அவன் ஏங்கியதும் அலுவலகத்துக்காக இல்லை, அவளுக்காக.

எழுதிக் காட்டியிருக்கலாமே என்பீர்கள். எழுதிப் பார்த்தான். கை தானாக 'மதிப்பிற்குரிய வாடிக்கையாளருக்கு' என்று தொடங்கியது, கிழித்துப் போட்டான். மனம் கசந்தவர்களைச் சமாதானப்படுத்த அவனுக்குத் தெரிந்தது ஒரே வழி. அலுவலகப் பதிவுகளைச் செல்போனில் ஏற்றிக்கொண்டு வந்து, குளியலறை வாசலில் பிடித்து அமுக்கினான். "உங்கள் சிரமம் எங்களுக்குப் புரிகிறது. பொறுமைக்கு நன்றி."

உள்ளே பாட்டு நின்றது. மனைவி ஸ்டூலை விட்டு எழுந்தாள். அவள் முகத்தைப் பார்த்தான். பதறிப்போய் வேறு ஏதாவது கிடைக்குமா என்று தேடினான். "தாமதத்துக்கு மன்னிக்கவும்" என்று ஒன்று இருந்தது. அவன் கையிலிருந்த வாக்கியங்களிலேயே உண்மைக்கு மிக அருகில் இருந்தது அதுதான். அதைத் திரும்பத் திரும்ப அமுக்கினான். கண்ணீர் தாரை தாரையாக ஓடியது.

"சிரிச்சுக்கிட்டே சொல்றீங்க" என்றாள் மனைவி. ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அது ஆகிப் பல வருடமாயிற்று. நிறுவனம் இன்னொரு ஊரில் கிளை திறந்தது; அங்கே சர்க்கரையின் பதிவு, சர்க்கரை இல்லாமலே இரவு பகலாக வேலை பார்க்கிறது. கடைக்காரர்கள் மனைவியைப் பார்த்தால், "வீட்டுல ரெண்டு பேரும் நல்லா இருக்காங்களா?" என்று விசாரிக்கிறார்கள், "இருக்காங்க" என்கிறாள். குடியிருப்பில் வீடு பார்க்க வருகிறவர்களிடம் தரகர், தண்ணீர் வசதியைச் சொல்லும் கையோடு பாட்டையும் சொல்லிவிடுகிறார். தினமும் காலையில் சர்க்கரை குளியலறைக் கதவை மெல்லத் தட்டுகிறான். "ஒரு நிமிஷம் இருங்க சார்" என்று உள்ளேயிருந்து மரியாதையாகச் சொல்கிறது அவன் குரல். அவன் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு காத்து நிற்கிறான்.