டூகல் சலுகை கேட்கவில்லை

வட ஸ்காட்லாந்தில் மழைக்கு நேரம் காலம் கிடையாது. வியாழக்கிழமை விடிந்ததிலிருந்து பிடித்துக்கொண்டது. வெளியே வேலை ஒன்றும் ஓடாததால் டூகல் மத்தியானமே மர்டோவின் வீட்டுக்கு வந்துவிட்டார். ஈரக் கோட்டை அடுப்பங்கரைக் கதவில் மாட்டிவிட்டுத் தன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அந்த வீட்டில் அவருக்கென்று ஒரு நாற்காலி உண்டு. அதில் வேறு யாராவது உட்கார்ந்திருந்தால் நின்றபடியே பேசிவிட்டுப் போய்விடுவார்.

“ஞாயித்துக்கிழமை வெயில் அடிக்கும்னு ரேடியோல சொல்றான். ஆடலாம்,” என்றார்.

மர்டோ மனைவி ஈஷ்பெல்லைப் பார்த்தார். மர்டோவுக்கு இடுப்பு எலும்பை எடுத்துவிட்டு இரும்பு வைத்திருந்தார்கள். ஆயுசு முழுக்கத் தார் ரோடு போட்டுக் குனிந்து நிமிர்ந்து தேய்ந்துபோன இடுப்பு. குளிர்காலம் பூராவும் ஜன்னலோரம் உட்கார்ந்தே போயிற்று. அந்த ஜன்னலிலிருந்து பார்த்தால் கில்பர்ன் மேட்டின் கோல்ஃப் மைதானம் தெரியும். ஒன்பதே குழி. ஆடு மேய்கிற மைதானம்தான். குழி இருக்கிற வழுவழுப்பான புல்தரையை மட்டும் ஆடு மிதிக்காமலிருக்கச் சுற்றிக் கம்பி கட்டியிருப்பார்கள். பெரிய ஊர்க்காரர்கள் பார்த்தால் சிரிப்பார்கள். கில்பர்ன்காரர்களுக்கு அது போதும்.

“டாக்டர் ஆடலாம்னுதான் சொன்னார்,” என்றாள் ஈஷ்பெல், தேநீரை ஊற்றிக்கொண்டே. “மலை ஏறச் சொல்லல.”

“மலை எதுக்கு? நான் யோசிச்சு வச்சிருக்கேன்.”

டூகல் மேசையைத் துடைத்து இடம் பண்ணினார். மரக்கட்டை லாரி ஓட்டிய காலத்திலேயே அவருக்கு வழி போடுவது என்றால் கொள்ளைப் பிரியம். சர்க்கரைக் கிண்ணம், ஆட்டம் தொடங்குகிற தகரக் கொட்டகை. வெண்ணெய்த் தட்டு ஓடை. ஈஷ்பெல் சுட்ட ரொட்டி, பாதி தின்றது, மூன்றாவது குழி இருக்கிற மலை.

“முதல் குழி ஆடறோம். சமதரை. ரெண்டாவது ஆடறோம். அதுவும் சமதரை. அங்கிருந்து மேல போகாம கல்வேலிப் படியத் தாண்டி இந்தப் பக்கம் வந்தா எட்டாவது குழி. அப்புறம் ஒன்பதாவது. அது நேரா கொட்டகை வாசலுக்கே வந்துடும். ஓடைகிட்ட பெஞ்சு இருக்கு, உக்காந்து டீ குடிக்கிறோம். பின்னால யாராவது வந்தா முன்னால விட்டுடறோம்.”

“ஆம்புலன்ஸ் எங்க நிக்கும், அதையும் சொல்லிடு,” என்றார் மர்டோ.

“ரொட்டியத் தின்னுடறேன், அப்ப மலையே இருக்காது,” என்று டூகல் மலையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

மர்டோவுக்கும் சிரிப்பு வந்தது. திட்டம் நல்ல திட்டம்தான். இத்தனை நாள் ஜன்னலில் பார்த்த புல்லைக் காலால் மிதிக்கப் போகிறோம் என்று நினைத்தபோது கை துறுதுறுத்தது. டூகல் இதற்குப் பிறகு என்ன கேட்பார் என்பது அவருக்குத் தெரியும். அதற்காகக் காத்திருந்தார்.

இருவரும் ஞாயிறு தவறாமல் ஆடிவந்தவர்கள். மர்டோ கை தேர்ந்தவர். டூகல் ஒரு படி கீழே. அப்படி இருந்தால் வலுத்தவன் இளைத்தவனுக்குச் சில அடிகளைச் சலுகையாக விட்டுக்கொடுப்பது அந்த ஆட்டத்தின் வழக்கம். குறைந்த அடியில் பந்தைக் குழியில் போடுகிறவனுக்குத்தான் அந்தக் குழி; இளைத்தவன் ஆறு அடித்தால் ஐந்து என்று எண்ணிக்கொள்வான். டூகல் அதைப் பிச்சைபோல வாங்குகிறவர் இல்லை. கடன்காரனிடம் வசூலிக்கிறவரைப்போலக் கேட்பார். முழங்கால் வலி, எதிர்காற்று, ராத்திரி தின்ற மீன் என்று ஒவ்வொரு வாரமும் ஒரு காரணம். அந்தப் பேரம் முடிந்த பிறகுதான் ஆட்டமே தொடங்கும்.

ஆனால் இன்றைக்கு டூகல் தேநீரை உறிஞ்சிவிட்டுச் சொன்னார்: “எண்ணிக்கையெல்லாம் வேணாம் மர்டோ. சும்மா தட்டிட்டு வருவோம்.”

“எண்ணாமலா?”

“எண்ணித்தான் ஆகணும்னா நான் உனக்கு ரெண்டு அடி விடறேன். எடுத்துக்கோ.”

மர்டோ கோப்பையைக் கீழே வைத்தார். டூகல் மழை விட்டதும் கோட்டை மாட்டிக்கொண்டு, ஞாயிறு சாயங்காலம் வந்து அழைத்துப்போவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

சனிக்கிழமை இரவுச் சாப்பாட்டின்போது, “நாளைக்குப் போகல,” என்றார் மர்டோ.

“ஏன், வலிக்குதா?”

“வலி இல்ல.”

ஈஷ்பெல் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தாள். அவரிடமிருந்து ஒரு பேச்சை வாங்குவது, இறுகிப்போன தார் டப்பாவைத் திறப்பதுபோல. குத்தக் கூடாது. சூடு ஏறட்டும் என்று விட வேண்டும்.

“அவன் எங்கிட்ட அடி கேக்கல,” என்றார் கடைசியில். “அவன் எனக்குத் தர்றானாம்.”

ஈஷ்பெல் அந்த மைதானத்து ஓரத்திலேயே பிறந்து வளர்ந்தவள். அவளுக்கு விளக்கம் வேண்டியிருக்கவில்லை.

“மெதுவா பாத்துக்கோன்னு அவன்கிட்ட நான்தான் சொன்னேன்,” என்றாள். “அந்த மடையன் அத இப்படிப் புரிஞ்சுக்குவான்னு தெரியல.”

“மெதுவா பாத்துக்கோன்னா? நான் என்ன முட்டையா?”

“முட்டையா இருந்தா அவிச்சாவது திங்கலாம். போய் ஆடு மர்டோ. நீ ஜன்னலோரமே உக்காந்திருந்தா, நீ இன்னும் ஆளுதான்னு அவனுக்கு எப்படித் தெரியும்?”

ஞாயிறு சாயங்காலம் ரேடியோ சொன்னபடியே வெயில் அடித்தது. முட்புதரெல்லாம் மஞ்சளாகப் பூத்துக் கிடந்தது. ஆட்டுக்குட்டிகள் தாயை முட்டி முட்டிப் பால் குடித்தன. டூகல் இரண்டு பைகளையும் தானே தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். மர்டோ கேட்டும் கொடுக்கவில்லை.

முதல் குழியில் மர்டோ அடித்த பந்து பக்கத்திலேயே போய் விழுந்தது. முன்பு அடிப்பதில் பாதி தூரம்கூட இல்லை.

“அருமை,” என்றார் டூகல். “நேராப் போச்சு பாரு.”

மர்டோ அவரைத் திரும்பிப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் டூகல் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததில்லை. நல்ல அடிக்கு, ‘அதிர்ஷ்டம்’ என்பார். கெட்ட அடிக்கு ஒன்றும் சொல்லாமல் சீட்டி அடிப்பார். இன்றைக்கோ, பந்து ஆட்டுப் புழுக்கையில் போய் நின்றதற்கும் ‘அருமை’ வந்தது.

இரண்டாவது குழியில் மர்டோவின் பந்து குழியிலிருந்து ஒரு கட்டில் நீளத்தில் நின்றது. டூகல் குனிந்து அதைக் கையில் எடுத்துவிட்டார்.

“குழில போட்ட மாதிரிதான். வா, டீ குடிக்கலாம்.”

கைக்கெட்டுகிற தூரத்தில் நின்றால் எடுத்துக்கொடுப்பது உண்டு. இத்தனை தூரத்திலிருப்பதை யாரும் யாருக்கும் விடுவதில்லை. பச்சைக் குழந்தைக்கு வேண்டுமானால் விடலாம். மர்டோ பந்தை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். காது மடல் சுட்டது.

கல்வேலிப் படிக்கு வந்ததும் டூகல் திட்டப்படி இந்தப் பக்கம் திரும்பினார். மர்டோ திரும்பவில்லை. தன் பையை டூகலின் தோளிலிருந்து உருவிக்கொண்டு, மூன்றாவது குழிக்கு அடிக்கிற மேட்டில் போய்ப் பந்தை வைத்தார். எதிரே மலை நின்றது. உச்சியில் கொடி ஒரு குச்சி மாதிரித் தெரிந்தது.

“டேய், அங்க எங்க போற? ஈஷ்பெல் என் தோல உரிச்சுடுவா.”

“உரிக்கட்டும். எப்படியும் பழசுதானே. நான் இதை ஆடப்போறேன்.”

“திட்டம் போட்டோமே.”

“நீ போட்ட. மலைய நீ தின்னுட்ட, நான் ஆடறேன்.” மர்டோ மட்டையை எடுத்தார். “எண்ணி ஆடலாம். உனக்குத்தான் இப்ப சலுகை வேணாமே. எனக்கும் வேணாம். சமமா ஆடுவோம்.”

டூகல் மலையைப் பார்த்தார். மர்டோவைப் பார்த்தார். தன்னையறியாமல் அவர் கை முழங்காலுக்குப் போய்த் தேய்க்கத் தொடங்கியது.

“சமமாவா?”

“சமமா.”

“மலைக்குழில உங்கூடச் சமமா ஆட எனக்கென்ன கிறுக்கா?”

மர்டோ தலையைத் தூக்காமல் பந்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இங்க பாரு,” என்றார் டூகல், குரலில் சூடு ஏறிக்கொண்டே. “உனக்கு வச்சிருக்கறது பட்டறைல இருந்து வந்த புது இடுப்பு. துருப்பிடிக்காத இரும்பு. எனக்கு இருக்கறது எங்கம்மா குடுத்தது. புது வண்டிக்கும் பழைய வண்டிக்கும் பந்தயம் விட்டா எது ஜெயிக்கும்? நியாயமாப் பாத்தா நீ எனக்கு முன்ன குடுத்ததவிட ஜாஸ்தி குடுக்கணும். ரெண்டு.”

“ஒண்ணு.”

“ரெண்டு. ரெண்டு பையும் நான்தானே தூக்கிட்டு வந்தேன், தோள் கழண்டுபோச்சு.”

“தூக்கச் சொன்னது யாரு? ஒண்ணு. அதுவே தர்மம்.”

“கஞ்சப் பயலே. ரோடு போட்டப்பவும் தார நீ இப்படித்தான் ஊத்தியிருப்ப,” என்று டூகல் முணுமுணுத்தார். “சரி, ஒண்ணு. அடி.”

மர்டோ அடித்தார். பந்து கொஞ்ச தூரம்தான் போனது. டூகல் சீட்டி அடித்தார்.

ஏற்றம் நீண்டுகொண்டே போனது. மர்டோ நின்று நின்று ஏறினார். இரும்பு உள்ளே கனத்தது. டூகல் அவருக்காக நிற்கவில்லை. தன் மூச்சு வாங்கியபோதுதான் நின்றார். மர்டோ சின்னச் சின்ன அடியாக, வழி தவறாமல் பந்தை மேலே கொண்டுபோனார். டூகலின் பந்தோ ஓரத்துப் புதருக்குள் புகுந்துவிட்டது. அங்கே அவர் பாதி உடம்பு மறையக் குனிந்து வெகுநேரம் வெட்டிக்கொண்டிருந்தார். ஒருமுறை மட்டை காற்றை வெட்டியது கேட்டது. அதைத் தொடர்ந்து, தேவாலயத்துக்குப் போகிறவன் ஞாயிற்றுக்கிழமையில் சொல்லக் கூடாத வார்த்தை ஒன்றும் கேட்டது.

உச்சியில் இரண்டு பந்தும் குழிக்குள் விழுந்தபின் மர்டோ மட்டையில் சாய்ந்து நின்றார்.

“நான் ஏழு.”

“நானும் ஏழு. சலுகை ஒண்ணு போனா ஆறு. குழி எனக்கு,” என்றார் டூகல், கொடியை நட்டுக்கொண்டே.

“நீ எட்டு. புதருக்குள்ள ஒண்ணு பந்துல படல. பட்டாலும் படாட்டாலும் வீசினது வீசினதுதான். எட்டுல ஒண்ணு போனா ஏழு. குழி யாருக்கும் இல்ல.”

“அது அடிச்சதில்ல. சும்மா வீசிப் பாத்தேன்.”

“சும்மா வீசிப் பாக்கறவன் கெட்ட வார்த்தை பேசுவானா?”

“முள்ளு குத்துச்சு, பேசினேன்.”

“முள்ளு எங்க குத்துச்சு, காட்டு.”

“காட்ற இடத்துல குத்தல.”

கம்பிக்கு வெளியே நின்ற ஆடு ஒன்று மெல்லுவதை நிறுத்திவிட்டு இருவரையும் பார்த்தது. கீழே கொட்டகையும் ஓடையும் பெஞ்சும் கையளவாகத் தெரிந்தன. மர்டோவின் கால் நடுங்கிக்கொண்டிருந்தது. அதை அவர் பொருட்படுத்தவில்லை. எட்டு என்பதிலிருந்து இறங்குவதாகவும் இல்லை.

“சரி, இதைக் கீழ போய்ப் பேசிக்கலாம்,” என்று டூகல் பையைத் தோளில் மாட்டினார். “அடுத்த குழிக்கு எத்தனை தர்ற?”

“நாலாவதுக்கா? அது இறக்கம். அதுக்கு என்னிக்குடா சலுகை குடுத்திருக்கேன்?”

“இறக்கத்துலதான் முழங்கால் போகும். எந்த டாக்டர வேணா கேளு.”

“கிடையாது,” என்று சொல்லிவிட்டு மர்டோ தன் பையை எடுத்துக்கொண்டு நாலாவது குழிப் பக்கம் இறங்கத் தொடங்கினார். பின்னால் டூகல், பாதி அடியாவது கொடு என்று கத்திக்கொண்டே வந்தார்.