அழுக்குப் பக்கங்கள்

சனிக்கிழமை காலை நான் சட்டைக்குப் பித்தான் போட்டுக்கொண்டிருந்தபோது, கூடத்து மேசைமேல் கிடந்த காமினியின் கைப்பேசியிலிருந்து ஓர் ஆண்குரல் வந்தது. "காமினி, உன்னோட பேஜ் எல்லாம் டர்ட்டியா இருந்திருக்குலா. நீ பாக்காமயே அனுப்பிட்ட. ஹெட் ஆபீஸ்ல அப்படித்தான் சொல்றாங்க."

என் விரல்கள் கடைசிப் பித்தானில் நின்றுவிட்டன. என் மகள் அவனுக்குத் தக்க பதில் கொடுப்பாள் என்று காத்திருந்தேன். அவளோ, "ஆமா, டர்ட்டிதான். ஏன் விட்டுப்போச்சின்னு மத்தியானத்துக்குள்ள கண்டுபிடிச்சிடறேன்," என்று சொல்லிவிட்டு, கூந்தலைத் தூக்கிக் கொண்டை போட்டுக்கொண்டு மடிக்கணினியின் பக்கம் குனிந்துவிட்டாள்.

பேசியவன் வின்சென்ட். அவளுடைய மேலதிகாரி, கெப்பாலா பத்தாஸ் ஊர்ப் பையன். போன தீபாவளிக்கு எங்கள் வீட்டுக்கு வந்து ஆட்டுக்கறிப் பிரட்டலைக் கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டவன். காமினி வேலை பார்க்கும் நிறுவனம் பாயான் லெப்பாஸில் இருக்கிறது. மருத்துவமனைகளும் அலுவலகங்களும் தங்கள் கணினிகளைச் சொந்த இடத்தில் வைத்துக்கொள்ளாமல் அவர்களிடம் ஒப்படைத்துவிடுகின்றன. அந்த வாரத்தில் அவள் ஒரு மருத்துவமனையின் கணினியை இடம் மாற்றியபோது ஏதோ தவறிவிட்டது. ஒரு நோயாளிக்குப் புதிய இரத்தப் பரிசோதனை முடிவு வந்திருந்தும் திரையில் பழையதே நின்றது. தாதி ஒருத்தி கவனித்துவிட்டதால் யாருக்கும் ஆபத்தில்லை. ஆனாலும் அறிக்கை எழுதியாக வேண்டும். காரணம் தெரியவில்லையென்றால், இயக்கியவரின் கவனக்குறைவு என்று காமினியின் பெயரோடு அந்த அறிக்கை அன்று மத்தியானம் தலைமையகத்துக்குப் போய்விடும்.

எங்கள் குடும்பத்தில் யாருடைய பெயரும் அப்படியொரு காகிதத்தில் ஏறியதில்லை. சுங்கத்துறையில் நான் இருந்த காலம் முழுக்க என்மேல் ஒரு விசாரணை கிடையாது, ஒரு விளக்கக் கடிதம் கிடையாது. என் சீருடையின் கைமடிப்பைக்கூட யாரும் குறை சொன்னதில்லை. தவறு செய்துவிட்டாள் என்று அவன் சொல்லியிருந்தால் பொறுத்திருப்பேன். அழுக்கு என்றான். கல்யாணமாகாத பெண்ணைப் பார்த்து, அவள் தகப்பன் வீட்டுக் கூடத்தில் எல்லாருக்கும் கேட்கும்படி, அழுக்கு என்றான்.

மாடிப்படி இறங்கிக் கீழே போனேன். நாங்கள் குயின் தெருவில் ஒரு புடவைக் கடைக்கு மேல்மாடியில் குடியிருக்கிறோம். கடைக்கு முன்னால் உள்ள அஞ்சடி நடைபாதையில் பொம்மைகளுக்குப் புடவை சுற்றிக்கொண்டிருந்தார்கள். கொஞ்சம் தள்ளிப்போய் நின்று வின்சென்டைக் கூப்பிட்டேன்.

"அங்கிள்! எப்படி இருக்கீங்க? மக்கான் ஆச்சா, சாப்டீங்களா?"

"எம் மகளோட வேலைய அழுக்குன்னு சொல்ற எடத்துல அவ இருக்க மாட்டா. இன்னையோட நிறுத்திக்கிறா."

அவன் குரலைத் தாழ்த்திக் கேட்டான். "அங்கிள், காமினியே சொன்னாங்களா?"

"நான் சொன்னா அவ சொன்ன மாதிரிதான்."

வைத்துவிட்டேன். நெஞ்சு இலேசாக இருந்தது. திரும்ப மேலே ஏறும்போது படிக்கட்டின் கைப்பிடியைத் தொடக்கூட இல்லை.

என் மனைவி வடிவம்மாள் தோசைத் தட்டோடு நின்றிருந்தாள். "எங்க போனீங்க? ஆறிப்போச்சி."

"காத்து வாங்கிட்டு வந்தேன்."

"குயின் தெருவுல காத்தா? ரோட்டுல ஓடற கெரேத்தா பொகதான் இருக்கு. கழுத்து வரைக்கும் பித்தான் போட்டுக்கிட்டு காத்து வாங்கற ஆள இப்பத்தான் பாக்கறேன்."

நான் தட்டை வாங்கிக்கொண்டு காமினியின் பின்னால் போய் நின்றேன். மகளை இழிவாகப் பேசவைத்த பொருள் எது என்று பார்த்துவிட வேண்டும் என்றிருந்தது. "எங்க அந்த அழுக்கு?" என்று கேட்டேன்.

அவள் திரும்பிப் பார்த்து, நேற்றிலிருந்து முதல் தடவையாகச் சிரித்தாள். "அழுக்குன்னா அழுக்கு இல்லப்பா. மாறிடுச்சின்னு அர்த்தம். அவ்ளோதான். உக்காருங்க, காட்டறேன்."

அவள் காட்டியதை எனக்குப் புரிந்தவரை எழுதுகிறேன். அந்த மருத்துவமனையின் கணினிக்கு உடம்பு கிடையாது. பெரிய இயந்திரம் ஒன்றின் உள்ளே, தானும் ஒரு கணினி என்று நம்பிக்கொண்டு அது ஓடிக்கொண்டிருக்கிறது. அப்படிப் பல கணினிகள் ஒரே இயந்திரத்துக்குள் ஒன்றையொன்று அறியாமல் குடியிருக்கின்றன. வெளியே இருக்கும் இயந்திரத்துக்குப் பழுது பார்க்க வேண்டியிருந்தால், உள்ளே இருப்பதை வேறோர் இயந்திரத்துக்கு மாற்றிவிடுவார்கள். நிறுத்தாமல் மாற்றுவார்கள். மருத்துவர் அதில் எழுதிக்கொண்டிருக்கும்போதே, தாதி படித்துக்கொண்டிருக்கும்போதே, அது கடல் தாண்டிக் கூலிம் ஊரிலுள்ள இன்னோர் இயந்திரத்துக்குப் போய்விடும்.

"நிறுத்தாம எப்படி?" என்றேன். "அதுபாட்டுக்கு எழுதிக்கிட்டே இருக்குமே?"

"அதுதாம்பா விஷயம்."

சோதனைக்காக அவள் தனியாக ஒரு சிறு கணினியை உண்டாக்கி வைத்திருந்தாள். அதற்குள் ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் திரை நிறையச் சின்னச் சின்னச் சதுரங்கள். ஒவ்வொன்றும் அந்தக் கணினியின் நினைவில் ஒரு பக்கம் என்றாள். ஒரு விசையைத் தட்டினாள். பக்கங்கள் கூலிமுக்குப் படியெடுக்கப்படத் தொடங்கின. ஆனால் படியெடுத்து முடித்த பக்கத்திலேயே கடிகாரம் மறுபடி எழுதியது. எழுதிய கணமே அந்தச் சதுரம் மஞ்சளாக எரிந்தது. மஞ்சளானது மட்டும் மறுபடி படியெடுக்கப்பட்டது. எடுத்ததும் மஞ்சள் அணைந்தது. அதற்குள் வேறு சில சதுரங்கள் எரிந்தன. அவையும் திரும்பப் படியெடுக்கப்பட்டன. சுற்றுக்குச் சுற்று மஞ்சள் குறைந்துகொண்டே வந்தது. மழை விட்டபின் கூரை ஓட்டிலிருந்து கடைசிச் சொட்டுகள் விழுவதுபோல, ஒன்றிரண்டு மட்டும் மிஞ்சியபோது காமினி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். சதுரங்கள் எல்லாம் இருண்டன. கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.

"போயிடுச்சிப்பா. இப்ப கூலிம்ல ஓடுது."

நான் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது ஒரு நொடியைக்கூடத் தவறவிடவில்லை. தான் உடம்பு மாறியது அதற்கே தெரியவில்லை. சித்தர்கள் கூடு விட்டுக் கூடு பாய்வார்கள் என்று கேட்டிருக்கிறேன், நம்பியதில்லை. அதை என் மகள், ஆறிப்போன மைலோவைக் குடித்துக்கொண்டு, நைட்டியின் மேல் துண்டைப் போட்டபடி செய்கிறாள். இத்தனை வருடம் அவள் வேலைக்குப் போய் வந்தாள், நான் சம்பளம் எவ்வளவு, கெரேத்தா எங்கே நிறுத்துகிறாய், உடன் வேலை செய்பவர்கள் எந்தக் குடும்பம் என்றெல்லாம் கேட்டிருக்கிறேன். என்ன செய்கிறாய் என்று கேட்டதில்லை. தட்டில் தோசையைத் தொடாமல் வைத்திருந்தேன்.

வடிவம்மாளும் துடைத்த கையோடு வந்து நின்றிருந்தாள். "அப்ப அது அழுக்கு இல்லடி, தீட்டு," என்றாள். "தொட்டா ஒட்டிக்குது. முழுவிட்டு வந்தா போயிடுது."

"அம்மா! அத வின்சென்ட் கிட்ட சொன்னா போர்டுல எழுதி வெச்சிடுவாரு."

வின்சென்டின் பெயர் வந்ததும் நான் தட்டை மேசையில் வைத்தேன்.

"இதெல்லாம் சரியாத்தான நடக்குது," என்றேன். "பொறவு எப்படி அந்த நோயாளியோட முடிவு பழசாச்சி?"

அதைத்தான் அவள் இரண்டு நாளாகத் தேடிக்கொண்டிருந்தாள். கணினி தன் பக்கங்களில் தானே எழுதினால், மேலே இருந்து கண்காணிப்பவனுக்குத் தெரியும், அவன் மஞ்சள் குறி போடுவான். ஆனால் வெளியிலிருந்து வரும் செய்திகளை வாங்கி உள்ளே வைப்பதற்கு ஒரு துணையாள் இருக்கிறான். அவனும் ஒரு நிரல்தான். அவன் கணினிக்குள் இல்லை, வெளியே நிற்கிறான். வேகத்துக்காக, அதே நினைவைப் பங்குபோட்டுக்கொள்ள அவனுக்கும் உரிமை கொடுத்திருக்கிறார்கள். யாரையும் கேட்காமல் நேரே கைவிட்டு எழுதுவான். அவன் எழுதுவது கண்காணிப்பவன் கண்ணுக்குத் தெரியாது. அதனால் இடமாற்றம் நடக்கும்போது, எழுதிய பக்கத்துக்கு அவனே குறி போட்டுச் சொல்ல வேண்டும்.

"சொல்லலன்னா?"

"அங்க பழைய பேஜ்தான் போய் சேரும். இந்தப் பக்கம் யாருக்கும் தெரியாது. எல்லாம் ஒழுங்கா நடந்த மாதிரியே இருக்கும்."

"பங்காளி வீட்டு சாவு மாதிரி," என்றாள் வடிவம்மாள். "சொல்லி அனுப்பலன்னா நம்ம பாட்டுக்கு தேங்கா பழத்தோட கோயிலுக்குப் போய் நிப்போம்."

காமினி அம்மாவையே பார்த்தாள். பிறகு சடாரென்று திரையின் பக்கம் திரும்பினாள். "சொல்றதுக்குத்தான் செட் பண்ணியிருக்கோம். ஆனா நடுவுல அவன் விழுந்து எழுந்திருச்சா? எழுந்ததும் குறி போடணும்னு அவனுக்கு யாரு சொன்னா?"

இடமாற்றத்தை மறுபடி தொடங்கினாள். இந்த முறை கடிகாரத்தோடு, வெளியிலிருந்து எண்களும் வந்து விழும்படி வைத்திருந்தாள். துணையாள் கொண்டுவந்து போடும் இடங்களிலும் சதுரங்கள் ஒழுங்காக மஞ்சளாகின. பாதியில் அவள் துணையாளை நிறுத்தினாள். உடனே அவனை மறுபடி எழுப்பினாள். எண்கள் திரும்ப வரத் தொடங்கின, ஒன்றுக்குப் பின் ஒன்றாக, எந்தக் குறையும் இல்லாமல். ஆனால் அவை விழுந்த இடத்தில் சதுரங்கள் இருண்டே கிடந்தன. எழுத்து மாறுகிறது, குறி இல்லை. அவனுக்குக் கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. முன்னைவிட வேகமாகவே உழைத்தான். சொல்ல வேண்டும் என்பது மட்டும் அவனுக்குத் தெரியவில்லை.

கணினி கூலிமில் போய் இறங்கியபோது, அங்கே பழைய எண்கள் நின்றன.

காமினி இரு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ, இதான்! இதேதான்! ஹாஸ்பிட்டல்லயும் அவன் நடுவுல ரீஸ்டார்ட் ஆனான், எனக்குத் தெரியும்! அப்பா, என் தப்பு இல்லப்பா. யாரோட தப்பும் இல்ல. எழுப்பி விட்டதும் அவன்கிட்ட மறுபடி சொல்லணும், அவ்ளோதான். மத்தியானத்துக்குள்ள எழுதிக் குடுத்திடுவேன்." எழுந்து நின்று அம்மாவைக் கட்டிக்கொண்டாள்.

நான் அந்த இருண்ட சதுரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இவ்வளவு பெரிய ஏற்பாடு, ஊர் தாண்டி ஓர் உயிரைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் ஏற்பாடு, வெளியே நிற்கும் ஒருவன் சொல்லாமல் விட்டதில் பொய்யாகிவிடுகிறது. அவனுக்கு உள்ளே எழுத உரிமை உண்டு. உரிமை இருப்பதால்தான் ஆபத்து. காலையில் அஞ்சடியில் நின்று நான் பேசியது நினைவுக்கு வந்தது.

கீழே ஒரு கெரேத்தா வந்து நின்றது. காமினி சன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். "வின்சென்ட்! நான் இன்னும் போனே பண்ணல, எப்படி வந்தாரு?"

எதற்காக வந்திருக்கிறான் என்று எனக்குத் தெரியும். வேலையை விட்டவரிடம் நிறுவனத்துக் கணினி இருக்கக் கூடாது. அதை அவன் எடுத்துக்கொண்டு போய்விட்டால், அவள் கண்டுபிடித்ததும் அதோடு போய்விடும். ஓடிப்போனவள் என்று எழுத இன்னும் வசதி.

நான் எழுந்து நின்றேன். உட்கார்ந்தபடி சொல்லக்கூடிய செய்தி இல்லை அது. "காமினி. காலையில நான் அந்தப் பையன்கிட்ட பேசினேன். நீ வேலைய விட்டுட்டேன்னு சொல்லிட்டேன்."

வடிவம்மாளின் கை காமினியின் தோளிலிருந்து நழுவியது. "ஏங்க!"

"அழுக்குன்னு சொன்னான். எனக்கு அர்த்தம் தெரியல."

மகள் கத்துவாள் என்று நினைத்தேன். அவள் என்னை நேராகப் பார்த்து, திரையில் ஏதோ தேடும்போது கேட்கும் குரலிலேயே கேட்டாள். "எப்ப பேசினீங்க?"

"தோசைக்கு முன்னாடி."

"அப்ப அதுக்கப்புறம் நான் நெனச்சிக்கிட்டு இருந்தது எல்லாம் பழசு," என்றாள்.

உட்கார்ந்து, எழுந்ததும் குறி போடு என்று துணையாளுக்குச் சொல்லும் வரிகளை முழு வேகத்தில் தட்டத் தொடங்கினாள். படிக்கட்டில் காலடி ஏறி வந்தது. பழைய பலகைப் படிகள், ஒவ்வொன்றும் தனித்தனியாக முனகின.

"அப்பா," என்றாள், தலையைத் தூக்காமல். "நீங்களே போய் கதவ தொறங்க."

திறந்தேன். வின்சென்ட் வாசலில் ஒற்றைக் காலில் நின்று சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தான். தோளில் ஒரு மடிக்கணினிப் பை தொங்கியது. மேல்பக்கம் திறந்து கிடந்தது, உள்ளே ஒன்றுமில்லை. என்னைக் கண்டதும் நிலை தடுமாறினான். விழாமலிருக்க நான் கை நீட்டினேன். அவன் அதைப் பிடித்துக்கொண்டான். எங்களுக்குப் பின்னால், விளக்குப் போடாத கூடத்தில், காமினியின் திரையில், மஞ்சள் வெளிச்சம் ஒவ்வொரு சதுரமாக எரியத் தொடங்கியிருந்தது.