குடையின் நிறம்

இரும்புக்குடைக்காரன் கையிலிருந்த கறுப்புக் குடை டிவியில் நீலமாகிவிட்டது என்று ஊரே கொதித்தது. கொதிக்கட்டும், எனக்கென்ன? ஆனால் அவன் வாயையே மாற்றிவிட்டார்களே, அதைப் பற்றி ஒரு ஆள் வாயைத் திறக்கவில்லை. என் கோபம் அங்கேதான் ஆரம்பித்தது.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். இரும்புக்குடைக்காரன் பல வருடங்களாக வந்துகொண்டிருக்கும் ஒரு காமிக்ஸ் கதாநாயகன். துப்பறிகிறவன். ஆயுதம் என்று பார்த்தால் இரும்புக் கம்பி போட்ட ஒரு குடைதான். அவனுக்குப் பேச்சு திக்கும். முதல் எழுத்து மூன்று நான்கு முறை வந்து முட்டிக்கொண்டு நிற்கும், அப்புறம்தான் சொல் பெரிய எழுத்தில் வந்து விழும். வில்லன்கள் அதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டிருக்கும்போதே குடை அவர்கள் மண்டையில் இறங்கிவிடும். இப்போது அவனை வைத்து எடுத்த டிவித் தொடரிலோ பேச்சு தண்ணீர் பட்ட பாடு. செய்தி வாசிக்கிறவர்கள் இவனிடம் வந்து பாடம் படிக்கலாம்.

என் கணவர் லிப்ட் பழுது பார்க்கிறவர். அவருக்கும் திக்கும். பாதி வழியில் நின்றுபோன லிப்டுக்குள் இருக்கிறவர்கள் மட்டும்தான் அவர் பேசி முடிக்கும்வரை காது கொடுத்துக் கேட்பார்கள். அவர்களுக்கு வேறு போக்கிடம் இல்லை. மற்றவர்களெல்லாம் பாதியிலேயே தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுவார்கள்.

எங்கள் மகள் சிட்டுவுக்கும் அப்பாவின் பேச்சுதான் வந்தது. எனக்குக் கவலை பிடித்துக்கொண்டது உண்மை. ஆனால் அவளுக்கு அது ஒரு குறையாகவே தெரியவில்லை, காரணம் அந்தக் காமிக்ஸ். அப்பாவும் மகளும் சோபாவில் கால் நீட்டிக்கொண்டு சத்தமாகப் படிப்பார்கள். குடைக்காரன் பேசும் கட்டங்களை அவள்தான் படிப்பாள், விட்டுக்கொடுக்கவே மாட்டாள். ஒருநாள் ஆசையாக நான் படித்தேன். கடகடவென்று படித்துவிட்டேன் போலிருக்கிறது. "அ... அம்மாவுக்குச் சரியா வரலை" என்று புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டாள். தான் குடைக்காரன் மாதிரிப் பேசுவதாகப் பள்ளிக்கூடத்தில் பெருமையடித்துக்கொண்டும் திரிந்தாள்.

தொடர் வந்தது. மறுநாளே வகுப்பில் ஒரு வாண்டு, குடைக்காரன் நன்றாகத்தான் பேசுகிறான், நீதான் புளுகுகிறாய் என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டது. அன்றோடு சரி. வீட்டு வாசலைத் தாண்டினால் சிட்டு வாயைத் திறப்பதில்லை. கேள்வி கேட்டால் தலையாட்டல், தாகம் எடுத்தால் விரலால் சைகை. டீச்சரைப் பார்க்கப் போனேன். இப்போதெல்லாம் ரொம்ப அடக்கமாகிவிட்டாள் என்று சந்தோஷமாகச் சொன்னார். அவரைக் கடித்துக் குதறாமல் நான் திரும்பி வந்ததே பெரிய விஷயம்.

இந்த நேரத்தில்தான் இரும்புக்குடை ரசிகர் சங்கம், தொடரின் இயக்குநரை வரவழைத்துக் கேள்வி கேட்கக் கூட்டம் போட்டது. பஸ்ஸில் டிக்கெட் கேட்கக்கூடத் தயங்கி, விரலைக் காட்டும் என் கணவர், தானும் போகப்போவதாகச் சொன்னார். நான் வரிந்து கட்டிக்கொண்டேன். எனக்கு வேலை புகார் வாங்கும் தொலைபேசியில். எதிராளி மூச்சு விடுவதற்குள் அவர் வாக்கியத்தையும் சேர்த்து நானே முடித்துவிடுவேன். அதற்குத்தான் சம்பளம். எனவே கேள்வியை நான் கேட்கிறேன், நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்கிறேன் என்றேன்.

"நா... நா... நானே கேக்கிறேன்" என்றார் அவர்.

சிட்டுவையும் கூட்டிக்கொண்டு மூன்று பேரும் போனோம். வணிக வளாகத்தின் மூன்றாவது மாடியில் ஏசி அரங்கம். ஒரு சொட்டு மழைக்கு வழியில்லாத அந்த இடத்தில் ஆளுக்கொரு கறுப்புக் குடை. சங்கத் தலைவர் நெஞ்சில் குடை அச்சடித்த பனியனோடு மேடையேறி முழங்கினார். "எங்க குடைக்காரனை எங்களுக்கே திருப்பிக் கொடுங்க. அவன்கிட்ட ஒரு எழுத்தை மாத்தக்கூட உங்களுக்கு உரிமை கிடையாது." கைதட்டல் கூரையைப் பிய்த்தது. சிட்டுவும் தட்டினாள். அவளுக்காகவே அவர் பேசுவதாக நினைத்துக்கொண்டாள், பாவம்.

அப்புறம் கேள்விகள். குடை ஏன் நீலம்? நீலம் என்றால் ஏன் இந்த நீலம்? கைப்பிடியின் வளைவு ஏன் இடப்பக்கம் திரும்பியிருக்கிறது? ஒருவர் கண் கலங்கிவிட்டார். கைப்பிடிக்காக ஐயா, கைப்பிடிக்காக.

மைக் என் கணவர் கைக்கு வந்தது. எழுந்து நின்றார். "கு... கு..." என்று முதல் எழுத்திலேயே பேச்சு நின்றுவிட்டது. கழுத்து நரம்பு புடைத்தது. எனக்குப் பழக்கமான இடம்தான், கொஞ்சம் பொறுத்தால் வந்துவிடும். பொறுக்க அங்கே யார் இருந்தார்கள்? பின்வரிசையில் ஒரு கெக்கலிப்பு. எவனோ "கு... கு..." என்று குயில் மாதிரி கூவினான். தலைவர் ஓடி வந்து, குடை நிறம்தானே சார் என்று கேட்டார். இவர் இல்லை என்று தலையாட்டினார். நிறைய பேர் காத்திருக்கிறார்கள், சீக்கிரம் என்று தலைவர் மைக்கைக் கையிலிருந்து உருவிக்கொண்டு, சாரும் குடையைப் பற்றித்தான் கேட்கிறார் என்று அறிவித்தார். இருட்டுக் காட்சிகளில் கறுப்பு எடுபடாது என்று மேடையில் இயக்குநர் பதில் சொல்லத் தொடங்கிவிட்டார்.

ஒரு எழுத்தை மாற்றக்கூடாதாம்! அச்சு அசலாக அவர்களுடைய குடைக்காரன் மாதிரியே பேசுகிற ஒரு மனிதன் எதிரே நிற்கிறான், அவனை ஒரு நிமிடம் தாங்க முடியவில்லை இவர்களால். குடைக்காரன் நிஜமாகவே உயிரோடு வந்து நின்றாலும் இவர்கள் மைக்கைப் பிடுங்கியிருப்பார்கள். அவர் உட்கார்ந்துவிட்டார். சிட்டு தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. எழுந்து போய்த் தலைவர் கையிலிருந்த மைக்கைப் பறித்தேன். கேள்வி மொத்தமும் என் நாக்கு நுனியில் இருந்தது, போதுமான அளவு காரத்தோடு. அரங்கம் சட்டென்று அடங்கியது. இவ்வளவு தெளிவான குரல் என்றால் எல்லாருக்கும் காது முளைத்துவிடுகிறது.

"என் கணவர் கேக்க வந்தது என்னன்னா..." என்று ஆரம்பித்தேன்.

சிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அன்றைக்குப் புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டபோது இருந்த அதே முகம். சுரீரென்றது. டிவிக்காரனும் இதைத்தானே செய்தான்? இவனுக்கு வராது, பாவம், நாமே நன்றாகப் பேசிவிடலாம் என்றுதானே அவனும் நினைத்தான்? வந்த வார்த்தைகளை மென்று விழுங்கினேன். திரும்பி நடந்து மைக்கை அவர் கையில் வைத்தேன்.

"இவர் முடிக்கிறவரைக்கும் மைக் இவர்கிட்டதான் இருக்கும். அவசரம் இருக்கிறவங்களுக்கு வாசல் அந்தப் பக்கம்" என்றேன், மைக் இல்லாமலே. தலைவர் மறுபடியும் ஓடி வந்தார். குறுக்கே நின்றுகொண்டேன். என் உருவத்தைத் தாண்டிப் போவது லேசுப்பட்ட காரியமில்லை.

அவர் பேசினார். நாற்காலிகள் கிறீச்சிட்டன. ஒரு வரிசை முழுக்க எழுந்து போயிற்று, அப்புறம் இன்னொன்று. போகிறவர்களின் குடை நுனிகள் தரையில் டொக் டொக்கென்று மோதின. அவர் நிறுத்தவில்லை.

"கு... குடைக்காரனோட பே... பே... பேச்சை ஏன் எடுத்தீங்க? எ... எங்களுக்குன்னு இ... இருந்தது அ... அவன் ஒருத்தன்தான்."

இயக்குநர் மறைக்காமல் சொன்னார். முதலில் அவனைத் திக்கிப் பேசவைத்துத்தான் எடுத்துப் பார்த்தார்களாம். காட்சி நீண்டுகொண்டே போயிற்றாம். பார்க்கிறவர்கள் அவ்வளவு நேரம் காத்திருக்க மாட்டார்கள், எழுந்து போய்விடுவார்கள் என்று திக்கலை நீக்கிவிட்டார்களாம். அந்த ஆளைக் கிழித்துத் தோரணம் கட்டலாம் என்று வாயெடுத்தேன். அரங்கத்தைத் திரும்பிப் பார்த்தேன். பாதி நாற்காலிகள் காலி. அந்த ஆள் பொய் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவே முடியாத வயிற்றெரிச்சல்.

வெளியே வந்தோம். படிக்கட்டில் தலைவர் மடக்கினார். கையெழுத்து வாங்கிய மனுவைப் படிக்கவே நேரமில்லாமல் செய்துவிட்டோமாம், குடைப் பிரச்சினை அப்படியே நிற்கிறதாம். பொரிந்து தள்ளினார். கடைசியில், "குடைக்காரனைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?" என்றார்.

"அ... அ..." என்றது ஒரு குரல். சிட்டு.

"சொல்லும்மா, சீக்கிரம்" என்றார் தலைவர்.

சொல் எனக்குத் தெரிந்துவிட்டது. அது என் தொண்டைவரை வந்துவிட்டது. என் கணவர் என் முழங்கையை இறுக்கிப் பிடித்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு தலைவரை முறைத்தேன். முறைத்த முறைப்பில் அந்த மனிதர் குடையோடு அப்படியே நின்றார். எங்களைச் சுற்றிக்கொண்டு ஆட்கள் இறங்கிப் போனார்கள்.

"அ... அ... அவர் இ... இப்படித்தான் பே... பேசுவார்" என்றாள் சிட்டு.

தொடர் வந்த நாளிலிருந்து வீட்டு வாசலுக்கு வெளியே அவள் முதன்முதலாகப் பேசியது அதுதான். முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை அவளே பேசி முடித்தாள்.