நன்றியுரைக்கு இறங்காதவள்

பாண்டீஸ்வரன் பேசினால் கேட்பவர்கள் இருக்கையிலிருந்து ஓர் ஆள் உயரம் எழும்புவார்கள். அதனால் இராமநாதபுரத்தில் அவர் கூட்டம் நடக்கும் கல்யாண மண்டபங்களில், சித்திரை வெயிலானாலும், முதலில் மின்விசிறிகளை நிறுத்திவிடுவார்கள். முன்பு அவர் சென்னையில் ஒரு நிறுவனத்தின் நிதித் தலைவர். யார் எந்தத் திட்டத்தோடு வந்தாலும் அதில் ஆபத்து இருக்கிறது என்று சொல்வதே வேலை. சொல்லிச் சொல்லி அந்த அலுவலகத்தின் ஏழாவது மாடி நான்காவது மாடிக்கு இறங்கிவிட்டது. வேலையை விட்டு ஊர் திரும்பி, வியாபாரிகளுக்கு ஊக்க உரை ஆற்றக் கிளம்பியதும் நிலைமை தலைகீழானது. கமுதி மிளகாய் வியாபாரிகள் மூட்டையோடு எழும்பினார்கள். இறக்குவதில் சிரமமில்லை. நன்றியுரை தொடங்கி, ஒலிபெருக்கிக்காரர் பெயர் வருவதற்குள் எல்லோரும் தரைக்கு வந்துவிடுவார்கள். நன்றி சொல்பவர் மட்டும் பேச்சைக் கேட்கக் கூடாது; அவரை வெளியே டீக்கடையில் உட்காரவைப்பது வழக்கம்.

அவர் மனைவி உமாமகேஸ்வரி எந்தக் கூட்டத்துக்கும் போனதில்லை. “வீட்ல கேக்குறது பத்தாதாக்கும்” என்பாள். தேவிபட்டினம் கடற்கரையில் வியாபாரிகள் சங்கம் கூட்டம் போட்டபோதுதான் முதன்முறையாக வந்து முன்வரிசையில் உட்கார்ந்தாள். அவள் கொட்டாவி விட்டுவிடுவாளோ என்ற பயத்தில் பாண்டீஸ்வரன் வாழ்நாளில் பேசாத பேச்சைப் பேசினார். நன்றி சொல்ல வேண்டிய சங்கச் செயலாளர் ஷாகிரோ, விருந்தாளி பேசும்போது எழுந்துபோவது மரியாதையில்லை என்று டீக்கடைக்குப் போகாமல் இருந்துவிட்டார். மேலே கூரையும் இல்லை. சங்கம் மொத்தமும், கூடவே உமாமகேஸ்வரியும், பனைமர உயரத்துக்குப் போனது. மேற்கிலிருந்து வீசிய கச்சான் காற்று அத்தனை பேரையும் கடல் பக்கம் தள்ளியது.

“ஷாகிர், நன்றியச் சொல்லுங்க!” என்று அலறினார் பாண்டீஸ்வரன்.

“சொன்னேண்ணே! மனசு குளுந்து இன்னும் மேலல்ல போகுது!”

வேறு வழியில்லாமல் பாண்டீஸ்வரன் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, தன் பழைய பேச்சை எடுத்தார். தீப்பிடிக்கும், திருட்டுப்போகும், மழை பொய்க்கும், சர்க்கரை ஏறும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, வியாபாரிகள் பொத்துப் பொத்தென்று விழுந்து கரையேறினார்கள். ஷாகிரும் மைக்கோடு விழுந்தார். உமாமகேஸ்வரி மட்டும் மீன்பிடிப் படகுகளைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தாள். இன்னும் கொஞ்ச தூரம் போனால் இலங்கை.

“இதத்தான இருவது வருசமா சோத்துக்குத் தொட்டுக்கிர்றேன்! எனக்கு இதெல்லாம் கனக்காதுங்க!” என்று அங்கிருந்தே குரல் கொடுத்தாள்.

கழுத்தளவு தண்ணீரில் நின்ற பாண்டீஸ்வரனுக்கு இரண்டு பேச்சும் தீர்ந்துபோயிருந்தன. “உமா, எனக்குப் பயமா இருக்கு” என்றார். அது ஒலிபெருக்கியில்லாமலே படகுகளைத் தாண்டிக் கேட்டது.

“அத மொதல்லயே சொல்றதுக்கென்ன? வாயில தண்ணி போகுது, கரைக்குப் போங்க. வாரேன். ஆனா கால மட்டும் கீழ வைக்க மாட்டேன், ஆமா.”

தெரு முக்கில் திரும்புவதுபோலக் காற்றுக்கு எதிரே திரும்பி வந்தாள். சொன்னபடியே கால் வைக்கவில்லை, இன்றுவரை வைக்கவில்லை. சிக்கல் கிராமத்தில் இருக்கும் அவள் அக்கா வீட்டுக்குக் கிளம்பினால், பாண்டீஸ்வரன் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து, வழிநெடுக அண்ணாந்து பார்த்தபடி போகிறார். நடத்துநர் ஒரு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, கழுத்து சுளுக்குக்கு நல்ல தைலம் எது என்று சொல்லிவிட்டுப் போகிறார்.