சமையல் மேடையின் உயரம்

வீடு பார்க்க வந்த நான்காவது குடும்பமும் சமையலறை வரை சிரித்துக்கொண்டே போய், திரும்பும்போது முகம் மாறி, யோசித்துச் சொல்கிறோம் என்று செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனது. வீட்டுக்காரியான தையல்காரி வாசலிலேயே நின்றாள். யோசித்துச் சொல்கிறோம் என்றால் சொல்லப்போவதில்லை என்று அர்த்தம். அவள் கடையில் கூலி விசாரித்துவிட்டு நழுவுகிறவர்களும் இதையேதான் சொல்வார்கள்.

கடனில் ஒரு பழைய வீட்டை வாங்கி, பழுது பார்த்து வாடகைக்கு விடப்போகிறாள் என்று தெரிந்ததும் அவளுக்குப் புத்தி சொல்லாத ஆளே இல்லை. சொந்தமாக ஒரு செங்கல்கூட வாங்காதவர்கள்தான் அதிகம் சொன்னார்கள். அவள் வங்கி அதிகாரி சொன்னதை மட்டும் காதில் வாங்கிக்கொண்டாள். பழுது பார்க்கும் செலவையும் வீட்டுக் கடனோடு சேர்த்தே கேட்டுவிடு, பிறகு தனிக் கடனுக்கு அலைந்தால் வட்டி கழுத்தை நெரிக்கும் என்றார் அவர். கேட்டாள். குடித்தனக்காரர் சாவி கைக்கு வந்த மறுநாளே வந்து நிற்க மாட்டார், மூன்று மாதத் தவணையைத் தொடாமல் ஒதுக்கி வை என்றார். வைத்தாள். பள்ளி வேன் ஓட்டும் கணவர் வாசலுக்குத் தேக்குக் கதவு, கூடத்துக்குக் கலர் விளக்கு என்று ஆசைப்பட்டபோது, “மேல ஒழுகுது, கீழ கலர் விளக்கா?” என்று ஒரே கேள்வியில் வாயை அடைத்தாள். முதலில் மொட்டைமாடி ஒழுகல், பிறகு குழாய், பிறகு ஒயரிங், மிச்சம் இருந்தால் பெயின்ட். கறாரான பொம்பளை என்று கொத்தனாரே மெச்சிவிட்டுப் போனார்.

இவ்வளவும் செய்து என்ன, ஒரு ஈ காக்கை தங்கவில்லையே! ஒதுக்கி வைத்ததில் இரண்டு மாதம் கரைந்துவிட்டது. மூன்றாவதும் போனால் கடையைப் பூட்டிவிட்டு, பழையபடி கம்பெனிக்குப் போய் நாள் முழுக்க காலர் மட்டும் தைக்க வேண்டும்.  யாரும் தங்காததற்குக் காரணம் தேடி, படி செங்குத்தாக இருக்கிறது என்றாள், பெயின்ட் வெளுப்பாக இருக்கிறது என்றாள், கடைசியில் எதிர்வீட்டுக்காரர் முகம் சரியில்லை என்று அவர் தலையிலும் பழியைப் போட்டாள்.

மறுநாள் மாலை ஒரு நர்ஸ் தனியாக வந்தாள். நல்ல உயரம். வாசல் நிலையில் தலை இடிக்காமல் குனிந்து நுழைந்தவளைத் தையல்காரி அண்ணாந்துதான் பார்க்க வேண்டியிருந்தது. வந்தவள் சும்மா சுற்றிப் பார்க்கிற ரகம் இல்லை. குழாய்களைத் திறந்து மூடினாள், சுவரில் உள்ளங்கையை வைத்து ஈரம் பார்த்தாள், ஆஸ்பத்திரிக்கு நடந்தே போய்விடலாம் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். சமையலறையில் கைப்பையை மேடையில் வைத்துவிட்டு, காய் நறுக்குவதுபோல் நின்று பார்த்தாள். அவள் முதுகு வளைந்துபோனது.

“வீடு ரொம்பப் புடிச்சிருக்குக்கா. ஆனா இந்த மேடையில நான் ஒரு மாசம் சமைச்சா, எங்க ஆஸ்பத்திரியிலயே என்னைப் படுக்க வெச்சிடுவாங்க.”

தையல்காரிக்குச் சுருக்கென்றது. கூடத்தைவிட, ஏன், அந்த வீட்டில் எதைவிடவும் பார்த்துப் பார்த்துப் போட்ட மேடை அது. கொஞ்சம் குனிந்தால் குடியா முழுகிவிடும் என்று நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிக்கொண்டு, தானே போய் மேடை முன்னால் நின்று காட்டினாள். கை இரண்டும் கல்லின் மேல் பாந்தமாக இறங்கின.

“பாருங்க, எவ்ளோ வசதியா இருக்கு.”

“உங்களுக்கு இருக்குக்கா,” என்றாள் நர்ஸ், கேலி இல்லாமல். “நீங்களா இங்க குடியிருக்கப் போறீங்க?”

தையல்காரி கையை எடுக்காமல் அப்படியே நின்றாள். தெருவில் அவளுக்குக் குட்டி டெய்லர் என்றுதான் பேர். இருந்த வாடகை வீடுகளில் எல்லாம் மேடை அவள் நெஞ்சு உயரம்; ஒரு பலகையைப் போட்டு அதன்மேல் ஏறி நின்றே இத்தனை காலமும் சமைத்தாள். ஒருமுறை பலகை வழுக்கி, கொதிக்கிற தண்ணீர் காலில் கொட்டியது. இவ்வளவு தாழ்வாகவா என்று கொத்தனார் தலையைச் சொறிந்தபோது, நான் நிற்கிறேன், என் கைக்குப் போடுங்கள் என்று சொன்னது அவளேதான். யாருக்கு என்று கேட்காமல் ஒரு துண்டுத் துணியைக்கூட வெட்டாதவள்! கடையும் கடைக்குப் பின்னால் குடியிருக்கும் ஒற்றை அறையும் ஊரின் மறுபக்கம் இருக்க, வாடிக்கையை விட்டுவிட்டு அவள் இங்கே வரவே முடியாது. தெரிந்தேதான் செய்திருக்கிறாள். வெட்கமும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன.

பலகைக் கதையை நர்ஸிடம் சொல்லியும் விட்டாள். ஏன் சொன்னோம் என்று தெரியவில்லை.

நர்ஸ் குனிந்து அவள் காலைப் பார்த்தாள். “எனக்கு எல்லா வீட்லயும் தாழ்வு. கல்யாணம் ஆனதுலேர்ந்து குனிஞ்சேதான் சமைக்கிறேன். வாடகை வீட்ல இதையெல்லாம் யார்கிட்ட போய்க் கேக்கறது?”

“என்கிட்ட கேளுங்க,” என்றாள் தையல்காரி.

கொத்தனாருக்குப் போன் போட்டாள். கல்லைப் பெயர்த்து, கீழே செங்கல் வைத்து ஏற்றலாம், தூக்கும்போது விரிசல் விட்டால் தன்னைக் கேட்கக்கூடாது என்றார். கணவருக்குப் போட்டாள். மூன்றாவது தவணையில் கைவைக்கணுமே என்று இழுத்தார். வைக்கத்தான் வேண்டும் என்றாள். மறுமுனையில் வேனின் கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது.

“சரி, ஏத்திடு,” என்றார். “உன் உயரத்துக்கு ஒண்ணு, நாம இருக்கிற வீட்ல என்னைக்காவது போடுவோம்.”

நர்ஸ் கைப்பையைத் திறந்து முன்பணத்தில் பாதியை எடுத்து நீட்டினாள். தையல்காரி அதை வாங்கி ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு, மேடை முடிகிற இடத்தில் வெறும் சுவரோரம் அவளை நிமிர்ந்து நிற்கச் சொன்னாள். முழங்கையை மடக்கச் சொல்லி, அதிலிருந்து நாலு விரல் கீழே விட்டு, பர்ஸில் கிடந்த துணிச் சாக்கட்டியால் நீளமாக ஒரு கோடு இழுத்தாள். கோடு தையல்காரியின் நெஞ்சுக்கு மேலே ஓடியது. சரியாக இருக்கிறதா என்று கேட்டாள்.

நர்ஸ், அங்கே கல் ஏற்கெனவே இருப்பதுபோல், கோட்டின் மேல் ஒரு கையை ஊன்றி, மறு கையால் காற்றை நறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் முதுகு நேராக இருந்தது.