தம்பியின் மட்டை என்று விற்கப்பட்டது

மழைக்காலம் தொடங்கிய வாரத்தில் ஓனுகி வந்தார். கடைத்தெருவில் சலவைக்கடை வைத்திருப்பவர். ஒரு கையில் இனிப்புப் பெட்டி, இன்னொரு கையில் நீளமான அட்டைப்பெட்டி. வாசலிலேயே இடுப்பு வளைய வணங்கினார். அவ்வளவு வளைந்தால் ஏதோ கேட்க வந்திருக்கிறார் என்று பொருள். எனக்கு அப்போதே அலுப்பாக இருந்தது.

"உங்க தம்பியோட டிரைவர் ஐயா, முதல் அடி அடிக்கிற கோல்ஃப் மட்டை. இணைய ஏலத்துல எடுத்தேன். கிளப்புல எல்லாரும் போலின்னு சிரிக்கிறானுங்க. நீங்க பாத்து ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

"யார் வித்தது?"

"பேரு போடலை. 'உபுகாதா ரியோசோ வீட்டிலிருந்து, கம்பெனி புரோவுக்குக் கொடுத்த மட்டை'ன்னு மட்டும் போட்டிருந்தது."

உபுகாதா எங்கள் குடும்பப் பெயர்; ரியோசோ என் தம்பி. வாழ்நாள் முழுக்க கோல்ஃப் போட்டிகளில் ஆடியே சம்பாதித்த புரோ. போன வருடம் இறந்துபோனான். அவனுடைய மட்டைப் பையைப் பல வருடங்கள் நான்தான் சுமந்தேன். மட்டை செய்யும் கம்பெனி புரோக்களுக்குக் கொடுக்கும் மட்டை கடையில் கிடைப்பதல்ல. அது கொடை இல்லை, இரவல். ஆடுபவன் ஓய்ந்தால் கம்பெனிக்குத் திரும்ப வேண்டும். அதை விற்ற வீட்டை எங்கள் வட்டாரத்தில் யாரும் மதிக்கமாட்டார்கள். ஆகவே அது போலியாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டுதான் பெட்டியைப் பிரித்தேன். போலி என்றால் எவனோ எங்கள் பெயரைத் திருடியிருக்கிறான், அவ்வளவுதான். அசல் என்றால் எங்கள் வீட்டில் ஒருவர் விற்றிருக்கிறார்.

பந்தை அடிக்கும் தலையின் கழுத்தில், கம்பெனி புரோ மட்டைகளுக்கு இடும் எண் பொறித்திருந்தது. எண்ணை நான் பொருட்படுத்தவில்லை. அதைப் பொறித்துத் தர இப்போது ஆட்கள் இருக்கிறார்கள். விரல் முட்டியால் தலையைத் தட்டினேன். கண்ணாடிக் கோப்பையைப் போலக் கணீரென்றது.

எனக்கு மூச்சு வந்தது.

"இது எங்க வீட்டுது இல்லை. ரியோசோவுக்கு இந்தச் சத்தம் ஆகாது. கம்பெனிக்காரங்ககிட்டச் சொல்லித் தலைக்குள்ள பசை ஊத்திக்குவான். தட்டினா அரிசி மூட்டையைத் தட்டின மாதிரி இருக்கும். இது கடைத் தலை."

ஓனுகியின் முகம் சுருங்கி, பிறகு மலர்ந்தது. "ஒரு விதத்துல நல்லதுதான் ஐயா. இது வந்ததுலேருந்து என் பந்து மூங்கில் காட்டுக்குள்ளயேதான் போகுது. இனிமே பழியை மட்டை மேல போட்டுக்கலாம். ஏலக்காரங்ககிட்ட இன்னைக்கே புகார் கொடுத்துடறேன். ஆள் தானா மாட்டுவான்."

"தாராளமா கொடுங்க."

அதோடு நிறுத்தியிருக்கலாம். எங்கள் பெயர் முழுசாகச் சுத்தமாக வேண்டும் என்று எனக்கு ஒரு வீம்பு. "பிடியையும் வெட்டிப் பாத்துடுவோம். இதுல எங்க வீட்டுத் துரும்புகூட இல்லைன்னு உங்க கண்ணாலேயே பாத்துக்கங்க."

"வெட்டணுமா ஐயா? நல்ல ரப்பரு..."

நான் கத்தியை எடுத்துவிட்டேன். ரப்பர் பிளந்து விழுந்தது. உள்ளே, இடது சுண்டுவிரல் படும் இடத்தில், மருந்துக்கடைப் பிளாஸ்திரி சாய்வாகச் சுற்றியிருந்தது.

ரியோசோ சின்ன வயதில் மழைக்குச் சாத்தும் மரக்கதவை இழுக்கும்போது அந்த விரலை நசுக்கிக்கொண்டவன். விரல் மடங்காது. அந்த இடத்தில் பிடி கொஞ்சம் தடித்திருந்தால்தான் அவனால் பற்ற முடியும். ஒவ்வொரு மட்டைக்கும் அவனே பிளாஸ்திரி சுற்றி, அதன்மேல் ரப்பரை ஏற்றுவான். மடங்காத விரலைப் போட்டி ஆட்கள் பார்த்துவிடக் கூடாது என்று வெளியே யாரிடமும் சொன்னதில்லை. இதை எந்தப் போலிக்காரனும் அறிய வழியில்லை. தலை கடையுடையது. தண்டு தம்பியுடையது.

"என்ன ஐயா, மருந்து போட்டு வித்திருக்கானா?" என்று சிரித்தார் ஓனுகி.

"புகாரை நாளைக்குக் கொடுங்க. மட்டை இன்னைக்கு என்கிட்ட இருக்கட்டும்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். மேற்கொண்டு கேட்கவில்லை. மரியாதை தெரிந்த மனிதர்.

மழையிலேயே தம்பி வீட்டுக்கு நடந்தேன். அங்கே அவன் மனைவி ஃபுசாயே மட்டும் இருக்கிறாள். மட்டையை மேஜைமேல் வைத்தேன். வெட்டுப்பட்ட பிடியைப் பார்த்ததும் அவள் பார்லி தேநீர் ஊற்றுவதை நிறுத்தினாள்.

"இரவல் வாங்கினதை வித்தியா?"

"அதை மட்டும் சொல்லாதீங்க அண்ணா. காரியம் முடிஞ்ச கையோட கம்பெனி ஆளைக் கூப்பிட்டு எல்லாத் தலையையும் கழட்டிக் கொடுத்துட்டேன். தண்டெல்லாம் எங்களுக்கு வேண்டாம், வச்சுக்கங்கன்னு அவர்தான் சொன்னாரு. குச்சி குச்சியா அலமாரியில கிடந்துச்சு. அதே மாதிரித் தலை பழைய சாமான் கடையில கிடைச்சது. மாட்டினேன்."

"எண்ணு?"

"அதையும் பொறிச்சு வாங்கினேன்."

"அதுக்குப் பேரு ஏமாத்து."

"தெரியும்."

"பணம் வேணும்னா என்னைக் கேட்டிருக்கலாமே?"

"பணத்துக்கு எனக்கென்ன குறை?" அவள் கைப்பேசியை என் முன்னால் தள்ளினாள். "படிங்க. விலை கேட்கறவங்க என்ன எழுதறாங்கன்னு படிங்க."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தேன். ஒருவர், தகப்பனாரோடு வேலிக்கு வெளியே நின்று ரியோசோ ஆடியதைப் பார்த்தாராம். இன்னொருவர் சிறுவனாக இருந்தபோது அவனிடம் பந்து வாங்கியவர், இன்னும் வைத்திருக்கிறாராம். சிலர் மட்டையைப் பற்றிக் கேட்கவே மறந்திருந்தார்கள்.

"வெறும் தண்டைப் போட்டா யாரு எழுதுவா? அவரைப் பத்திப் பேச இந்த ஊர்ல யாரு இருக்கா?"

"நான் இல்லையா?"

"நீங்களா? நீங்க வந்தா கல்லறையில பாசி படிஞ்சிருக்குன்னு திட்டுவீங்க. நினைவுப் படத்துல தூசின்னு திட்டுவீங்க. அவர் அடிச்ச ஒரு அடியைப் பத்தி என்னைக்காவது வாயைத் திறந்திருக்கீங்களா?"

தேநீரைக் குடித்தேன். ஆறிப்போயிருந்தது. திட்டித் தீர்க்கக்கூட எனக்குத் தெம்பில்லை. நான் வாய் திறக்காவிட்டால் ஓனுகி புகார் கொடுப்பார், கடைசியில் இந்த வீட்டுக் கதவுதான் தட்டப்படும். திறந்தால், உபுகாதா வீடு பொய் சொல்லி விற்றது என்று நானே ஊருக்குச் சொன்னதாகும்.

"ஏலத்துல இன்னும் எத்தனை வச்சிருக்கே?"

"ரெண்டு."

"அந்த எழுத்தை மாத்தணும். எங்க தட்டறதுன்னு காட்டு."

ஒற்றை விரலால் நானே தட்டினேன். 'தலை கடையில் வாங்கியது. எண் பொய். தண்டு மட்டுமே உபுகாதா ரியோசோவுடையது. முன்பு எழுதியது எங்கள் வீட்டின் தவறு.' கீழே என் முழுப்பெயரைப் போட்டேன். ஃபுசாயே தடுக்கப் பார்த்தாள். "என் பேரைப் போடுங்க அண்ணா, செஞ்சது நான்."

"மூத்தவன் நான் இருக்கேன்" என்றேன்.

மறுநாள் மட்டையோடு சலவைக்கடைக்குப் போனேன். இப்போது இடுப்பு வளைய வணங்கியது நான். பழைய முதுகு, எளிதில் வளையவில்லை. விற்றது எங்கள் வீடு என்பதைச் சொன்னேன். அவர் கொடுத்த பணத்தை உறையில் போட்டு மேஜைமேல் வைத்தேன்.

ஓனுகி உறையைத் தொடவில்லை. "அப்ப குச்சி அவரோடதுதானா?"

"ஆமா."

"அந்தப் பிளாஸ்திரியும்?"

"அவன் சுத்தினது."

"தலைக்கு உண்டானதை மட்டும் எடுத்துக்கறேன் ஐயா. குச்சியைத் திருப்பித் தரமாட்டேன்." உறையிலிருந்து கொஞ்சம் எடுத்துக்கொண்டு மீதியை என் பக்கம் தள்ளினார். "புகாரும் இல்லை, ஒண்ணும் இல்லை. ஆனா பிடியை வெட்டினது நீங்க. கத்தி பட்டுப் பிளாஸ்திரியும் கிழிஞ்சிருக்கு. அவர் சுத்தின மாதிரியே புதுசா சுத்திக் கொடுத்துடுங்க. உங்களுக்குத்தான் தெரியுமே."

"மாட்டேன்."

"ஏன் ஐயா?"

"நான் சுத்தினா அது போலி."

இஸ்திரிப் பெட்டியின் ஆவி எங்கள் இருவருக்கும் நடுவே எழுந்து அடங்கியது.

"கையை நீட்டுங்க" என்றேன். நீட்டினார். நல்ல கை, எல்லா விரலும் மடங்கியது. "கிழிஞ்சது கிழிஞ்சபடியே உள்ள இருக்கட்டும். அதுக்கு மேல உங்க கைக்கு ஏத்தபடி ரப்பர் போட்டுத் தரேன். ரெண்டு நாள் ஆகும்."

மட்டையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, மழை விடட்டும் என்று கடை வாசலில் நின்றேன். உட்காரச் சொல்லி ஓனுகி முக்காலியைக் கொண்டுவந்து போட்டார். நான் நின்றுகொண்டே இருந்தேன்.